துரையின் காருக்கு வேறு சேசிஸ்

எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊரைவிட்டுப் போகும்போது என் அப்பாவுக்கு ஒரு காரைக் கொடுத்துவிட்டுப் போனார். இதைக் கேட்கிறவர்கள் எல்லாரும் “அட, நல்ல மனுஷனா இருந்திருக்காரே” என்பார்கள். அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இப்போதும் எரிகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு யார் நல்ல மனுஷன் என்று அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

தோட்டம் ஈப்போவுக்குத் தெற்கே, சுங்காய்க்குப் பக்கத்தில் இருந்தது. ரப்பர்த் தோட்டம். அப்பா முதலில் அங்கே டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் டிராக்டரைத் துடைத்து வைத்திருந்த சுத்தத்தைப் பார்த்துவிட்டுத் துரை அவரைப் பங்களா வேலைக்கு இழுத்துக்கொண்டார். பங்களா வேலை என்றால் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பெரிய மரியாதை. உண்மையில் அப்பாவுக்கு அங்கே இருந்த வேலை ஒரு காரைக் கழுவித் துடைப்பது, மிச்ச நேரத்தில் தோட்டத்துப் பூச்செடிக்குத் தண்ணீர் விடுவது.

அது சீமையில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர்தான் உட்காரலாம். மேலே கூரை கிடையாது, மழைக்கு இழுத்துவிட ஒரு துணி இருக்கும். முழங்கையை வெளியே வைத்துக்கொள்ள வசதியாகக் கதவுகள் தாழ்வாக வெட்டப்பட்டிருக்கும். கரும்பச்சை நிறம். சனிக்கிழமைகளில் துரை அதில் ஈப்போவுக்கு, கிளப்புக்குப் போவார். மற்ற நாட்களில் அவருக்கு ஜீப்பு இருந்தது.

தினமும் காலையில் அப்பா அந்தக் காரைக் கொட்டகையிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும், கழுவ வேண்டும், மெழுகு போட்டுத் துடைக்க வேண்டும், திரும்ப உள்ளே வைக்க வேண்டும். ஆனால் ஸ்டார்ட் செய்யக் கூடாது. அது துரையின் கட்டளை. லைசென்ஸ் வைத்திருந்த, மேட்டிலும் பள்ளத்திலும் ரப்பர்ப் பால் தொட்டியை இழுத்துக்கொண்டு டிராக்டர் ஓட்டிய மனிதர் அந்தக் காரைத் தோளால் முட்டித் தள்ளித்தான் வெளியே கொண்டுவருவார். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு தோள் கதவோரத்தில். நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் பலமுறை பார்த்திருக்கிறேன். துரை வராந்தாவில் கோப்பியைக் குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்.

“ஏம்ப்பா தள்ளுறீங்க? ஓட்டிட்டு வரலாமில்ல?” என்று ஒருநாள் கேட்டேன்.

“தொர காடி. தொரதான் ஓட்டணும்” என்றார். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு இருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் தோட்டம் கைமாறியது. வாங்கிய கம்பெனி ரப்பரை வெட்டிவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை நடப்போவதாகப் பேச்சு. பங்களா ஆட்களுக்கு வேலை இருக்காது என்பதும் பேச்சு. அப்பா துரையிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ஆபீஸ் படிக்குக் கீழே நின்று கேட்டார். புதிதாக வருகிற மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லி, பழையபடி தன்னை டிராக்டரில் போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான்.

துரைக்குத் தோட்டத்துத் தமிழ் தெரியும். வேலை ஏவுவதற்கு வேண்டிய அளவு தெரியும். “பாக்குது, பாக்குது” என்றார். அப்பா அதை நம்பி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். அம்மா சாமிக்கு விளக்கு ஏற்றினாள்.

துரை கிளம்புகிற நாளன்று ஆபீஸுக்கு முன்னால் எல்லாரையும் கூட்டி வைத்து மாலை போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். அப்போதுதான் அவர் அப்பாவைக் கூப்பிட்டுக் கார்ச் சாவியைக் கையில் கொடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தக் கார் கியர்பாக்ஸ் உடைந்து, சாமான் கிடைக்காமல், ரொம்ப நாளாக ஓடாமல் கிடந்தது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். கப்பலில் ஏற்றிக் கொண்டுபோக அதற்கு மதிப்பில்லை. விற்றால் வாங்க ஆளில்லை. அதைத்தான் கொடுத்தார்.

புது மேனேஜர் வந்தார். அவரிடம் யாரும் எந்த வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. அப்பாவுக்கு வேலை போனது. வேலை போனால் லயத்து வீடும் போகும். அதுதான் சட்டம்.

சாமான்களை ஏற்ற ஒரு லோரி பிடித்தோம். அந்த லோரியை ஓட்டிவந்த இளைஞர்தான் பிற்பாடு என் அக்காவைக் கட்டிக்கொண்டு எனக்கு மச்சான் ஆனார். பாத்திரம், பாய், டிரங்குப் பெட்டி எல்லாம் ஏற்றி முடித்ததும் அப்பா காரையும் ஏற்ற வேண்டும் என்றார். அம்மா லோரிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

“வேலையக் கேட்டீங்க, வெளங்காத இரும்பக் குடுத்துட்டுப் போயிட்டான். அதையும் தூக்கிட்டு வரீங்களா? இது சோறு போடுமா? சொல்லுங்க, சோறு போடுமா?”

அப்பா பலகை தேடப் போனார். லயத்து ஆண்கள் எல்லாரும் சேர்ந்து இரண்டு பலகையைப் போட்டுக் காரை மேலே ஏற்றினார்கள்.

ஈப்போவில் புந்தோங்கில் ஒரு பலகை வீடு கிடைத்தது. அப்பாவுக்குப் பலகைக் கடை ஒன்றில் ஜாகா என்கிற காவல் வேலை. கார், வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரம் இறக்கிய ஒரு சாய்ப்பில் நின்றது. அம்மா அதைக் கோழிக்கூடாக மாற்றினாள். துரை உட்கார்ந்த தோல் சீட்டில் கோழிகள் முட்டையிட்டன. அம்மா வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தாள் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அப்பா கோழிகளை விரட்டிவிட்டு, வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, காரைக் கழுவித் துடைப்பார். ஓடாத காரை. சாய்ப்புத் தகரம் ஒழுகி, அடியெல்லாம் துரு ஏறிக்கொண்டிருந்த காரை. நான் அதைப் பார்க்கப் பிடிக்காமல் வெளியே போய்விடுவேன்.

பள்ளிக்கூடத்தை விட்டதும் நான் லோரி பட்டறை ஒன்றில் சேர்ந்தேன். சீனருடைய பட்டறை. வெல்டிங், தகர வேலை, எஞ்சின் எல்லாம் அங்கேதான் படிந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டோடு ஒரு அறை இழுத்துக் கட்ட வேண்டும். அதற்கு இருந்த ஒரே இடம் அந்தச் சாய்ப்பு.

“காடிய பழைய இரும்புக்குப் போட்டுருவோம்” என்றேன்.

“காடி இருக்கட்டும். நீ வேற எடம் பாரு.”

“வேற எடம் எங்கப்பா இருக்கு? ஓடாத காடிக்கு எடம் இருக்கு, பெத்த புள்ளைக்கு எடம் இல்லையா?”

அப்பா கையிலிருந்த துணியை உதறிவிட்டு என்னைப் பார்த்தார். “மெக்கானிக், மெக்கானிக்குன்னு சொல்லிக்கிற. ஓட வையேன் பாப்போம். ஓடுனா எடுத்து எங்கயாச்சும் நிறுத்திக்கலாமில்ல.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் சரி என்றேன். ஆசையால் அந்தக் காரில் கை வைத்தவன் இல்லை நான். இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பழைய கார் பிரியர்கள் பேசுகிற பாசமெல்லாம் எனக்கு அதன் மேல் கிடையாது. அப்பாவின் வாயை அடைக்கத்தான் தொடங்கினேன்.

முதல் நாளே கெட்ட செய்தி. காரின் அடியில் படுத்து, சேசிஸை, அதாவது மொத்தக் காரையும் தாங்குகிற அடிச்சட்டத்தை, ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன். அது கேக்கில் இறங்குவதுபோல இறங்கியது. வெளியே இழுத்தால் துருவும் ஈர மண்ணும் கோழி எச்சமும் முகத்தில் கொட்டின. மேலே உடம்பு பரவாயில்லை, அப்பா துடைத்துத் துடைத்துக் காப்பாற்றியிருந்தார். அடியை யாரும் துடைக்கவில்லை. மேலே பளபளப்பு, கீழே ஒன்றுமில்லை. துரைக்கு ஏற்ற கார்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

லாஹாட் பக்கம் இருந்த பழைய இரும்புக் கடைக்கு மச்சானோடு போனேன். கடை முதலாளியான சீனத் தவுக்கே தோட்டத்துக்காரர்களோடு பழகித் தமிழ் பேசுவார். நான் தேடுவதைச் சொன்னதும் கடையின் பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு நசுங்கிய காரைக் காட்டினார். தாப்பா மலைப் பாதையில் உருண்டது. ஈப்போ பல் டாக்டர் ஒருவருடையதாம்.

“சேம் கம்பெனி லா. ஒன்னோடது அப்பன், இது மவன்” என்றார்.

அதே கம்பெனி பிற்பாடு செய்த மாடல் அது. கதவில் கண்ணாடி ஏற்றி இறக்கலாம், பின் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும். மேலுடம்பு அப்பளமாக நொறுங்கியிருந்தது. நான் ஒரு கயிற்றை மூலைக்கு மூலை பிடித்துச் சேசிஸை அளந்தேன். இரண்டு குறுக்களவும் ஒரே நீளம். சட்டம் நேராக இருந்தது. எஞ்சினும் கியர்பாக்ஸும் நன்றாக இருந்தன. டாக்டர் காரின் கெரானும், அதாவது பதிவுப் பத்திரமும், தவுக்கேயிடம் இருந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தச் சேசிஸில் துரையின் உடம்பைத் தூக்கி வைத்தால், பதிவில் இது துரை கார் இல்லை. டாக்டரிடமிருந்து நான் வாங்கிய கார். துரையின் நம்பர், துரையின் பெயர் எதுவுமே மிஞ்சாது. அன்றைக்குத்தான் அந்த வேலையில் எனக்கு முதல் முறையாக ஒரு சந்தோஷம் வந்தது.

பட்டறையிலிருந்து சங்கிலிக் கப்பி கொண்டுவந்து, மூன்று இரும்புக் குழாய்களைக் கூம்பாக நிறுத்தி, துரையின் காரின் உடம்பைச் சேசிஸிலிருந்து தூக்கினோம். மச்சான் சங்கிலியை இழுத்தார். லோரிக்காரர், எல்லாமே வேகம்.

“மெதுவா மச்சான், மெதுவா!”

“ஒன்னும் ஆவாது லா. வெறும் தகரம்தான்.”

வெறும் தகரம் என்பதுதான் பிரச்சினை. கதவு இருக்கும் இடத்தில் குறுக்குக் கம்பி கொடுத்து வெல்டு செய்யாமல் தூக்கியது எங்கள் அவசரம். அந்த உடம்பு சேசிஸ் மேல் உட்கார்ந்திருந்ததால்தான் நேராக இருந்தது. மேலே போனதும் நடுவில் தொய்ந்து, ‘மடக்’ என்று ஒரு சத்தம். கீழே இறக்கிப் பார்த்தால் கதவு மூடவில்லை. கதவு வாய் மேலே குறுகி, கீழே அகன்றிருந்தது. நான் கையிலிருந்த சம்மட்டியை வீசி எறிந்தேன். அது பக்கத்து வீட்டு வேலித் தகரத்தில் போய் மோதியது. மச்சான் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். அப்பா மட்டும் வந்து, கதவைத் திறந்து மூட, திறந்து மூட முயன்றுகொண்டே இருந்தார்.

“வளைச்சுட்டீங்களே. வளைச்சுட்டீங்களேடா.”

“நிமித்தித் தரேன். இப்ப கொஞ்சம் தள்ளிப் போங்க.”

அதை நிமிர்த்தவே மழைக்காலம் முழுவதும் ஆனது. ஜாக்கியைக் கதவு வாயில் வைத்து அகட்டி, கோண இரும்பைக் குறுக்கே வெல்டு செய்து, அழுகியிருந்த கீழ்ப்பகுதியை வெட்டி எறிந்து, புதுத் தகரம் மடித்து வைத்தேன். பிறகு புதுச் சேசிஸில் உட்கார வைத்தால் அது வேறு கதை. உடம்பைப் பூட்டுகிற துளைகள் எதுவும் நேருக்கு நேர் வரவில்லை. சேசிஸிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கைகளை அறுத்து, வேறு இடத்தில் புதிதாகச் செய்து ஒட்டினேன். ஸ்டியரிங் தண்டு நேராக எஞ்சின் மேல் போய் இடித்தது. அதற்கு ஒரு மடக்கு மூட்டு வைத்தேன். அப்பனுக்கும் மகனுக்கும் ஒரு இடத்தில்கூட ஒத்துப்போகவில்லை. தவுக்கேயை நினைத்து ஒவ்வொரு நாளும் திட்டினேன்.

பெரிய சண்டை மட்கார்டில் வந்தது. புதுச் சேசிஸ் அகலம் கூடியது. சக்கரங்கள் இரண்டு பக்கமும் இரண்டு விரல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. மட்கார்டை நீளவாக்கில் அறுத்து, நடுவில் பட்டைத் தகரம் வைத்து அகலமாக்க வேண்டும். நான் அறுக்கும் மெஷினை எடுத்ததும் அப்பா குறுக்கே வந்தார்.

“அத வெட்டாத.”

“வெட்டாம முடியாதுப்பா.”

“வேற வழி பாரு. அத மட்டும் வெட்டாத. எத்தன வருஷம் தொடச்சிருக்கேன் தெரியுமா?”

“தெரியும்! பாத்துக்கிட்டுதான இருந்தேன்! தொடச்சீங்க, தள்ளுனீங்க, அவரு கோப்பி குடிச்சாரு!”

அப்பாவின் முகம் சுருங்கியது. ஆனால் நான் நிறுத்தவில்லை. அறுத்தேன். தீப்பொறி பறந்து பச்சைப் பெயிண்ட் கருகியது. அந்த நாற்றம் எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் பொய் இல்லை.

நிறத்துக்கும் சண்டை. அப்பாவுக்குப் பழைய பச்சை வேண்டும். பட்டறையில் லோரிக்கு அடித்து மிச்சமான ஆரஞ்சு பெயிண்ட் இருந்தது. அதை அடித்தேன். “தேர் மாதிரி இருக்கு” என்றாள் அம்மா. அவள் அந்தக் காரைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அரசாங்க வாகனப் பரிசோதனையில் முதல் தடவை பிரேக் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை தேறியது.

வீட்டுக்கு வந்ததும் சாவியை அப்பாவிடம் நீட்டினேன். அவர் உட்கார்ந்தார். கையை ஸ்டியரிங்கில் வைத்தார். கியரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “ஸ்டார்ட் பண்ணலாமா?” என்று கேட்டார்.

“யாருகிட்டப்பா பெர்மிஷன் கேக்குறீங்க? உங்க காடி!” என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா ஸ்டார்ட் செய்தார். புந்தோங் சந்தைவரை போய்த் திரும்பினோம். அவர் முழு நேரமும் இரண்டாம் கியரிலேயே ஓட்டினார், பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

கல்யாணம் நடந்தது. சாய்ப்பு இருந்த இடத்தில் அறை வந்தது. கார் வாசலில் நின்றது. அப்பா வேலைக்கு அதில் போனார், அம்மா சந்தைக்கு அதில் போனாள். ஞாயிற்றுக்கிழமை துடைப்பதை மட்டும் அவர் விடவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு மத்தியானம் வாசலில் டாக்ஸி வந்து நின்றது. துரை இறங்கினார். தலை முழுக்க நரைத்து, கையில் ஒரு தடி. பழைய இடங்களைப் பார்க்க வந்தாராம். சுங்காயில் விசாரித்து, எங்கள் வீடு புந்தோங்கில் என்று தெரிந்துகொண்டு வந்திருக்கிறார். அப்பாவுக்குக் கை கால் ஓடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார். வீட்டில் இருந்த நல்ல நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டார். அம்மாவைத் தேத்தண்ணீர் கலக்கச் சொன்னார். துரை உட்கார்ந்தார், அப்பா நின்றுகொண்டே இருந்தார்.

“ஏ, எப்புடி இருக்கு நீ?” என்றார் துரை. அதே தமிழ். அப்பாவுக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிட்டது. இன்னும் ‘நீ’.

“நல்லா இருக்கேன் தொர. நீங்க நல்லா இருக்கீங்களா?”

துரையின் கண் வாசலில் நின்ற காரைச் சுற்றியது. எழுந்துபோய்ச் சுற்றிவந்து பார்த்தார். அகலமான மட்கார்டைத் தடியால் தட்டினார். எனக்குக் கோபம் வர அந்தத் தட்டலே போதுமாக இருந்தது. என்ன செய்தாய் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். பட்டறையில் கற்றுக்கொண்ட ஆங்கிலத்தில் சொன்னேன். அடிச்சட்டம் வேறு மாடல், எஞ்சின் வேறு, எண் வேறு. அவர் தலையை ஆட்டினார். என்ன பரிதாபம் என்றார். இந்தக் காரை வாங்கிக் கப்பலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோகலாம் என்றுதான் தேடிவந்தாராம், அங்கே இப்போது இதற்கு மதிப்பு கூடிவிட்டதாம். ஆனால் இது இப்போது அதுவுமில்லை, இதுவுமில்லை, இதை என்னவென்று சொல்வது என்று தெரியவில்லை என்றார்.

“என்ன சொல்றாரு?” என்று அப்பா கேட்டார்.

“காடிய வாங்க வந்தாராம்.”

அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “வாங்குறது என்ன தொர? உங்க காடி. எடுத்துக்குங்க.”

மழைக்காலம் முழுக்க முதுகை மண்ணில் போட்டுக் கிடந்தவன் நான். யாரைக் கேட்டு அப்பா கொடுக்கிறார்? வாயைத் திறப்பதற்குள் துரை சிரித்துக்கொண்டு கையை ஆட்டினார்.

“வேணாம், வேணாம். இது என் காடி இல்லே. கெடுத்துட்டான்.”

அப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. இந்த மனிதர் உங்களிடம் கேட்டது காரை இல்லை, ஒரு வார்த்தை, டிராக்டர் வேலைக்கு ஒரு வார்த்தை, அதை ஏன் சொல்லவில்லை என்று முகத்துக்கு நேராகக் கேட்டேன். ஆங்கிலம் பாதியிலேயே தமிழாகிவிட்டது.

துரை உண்மையாகவே விழித்தார். நடிப்பில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்து, “நீ கேட்டது? எப்போ கேட்டது?” என்றார்.

மறந்திருந்தார். எங்கள் வீடு, அம்மாவின் விளக்கு, லோரி, எல்லாம் தொங்கிக்கொண்டிருந்த அந்த ஒரு வார்த்தையை அவர் மறுத்திருந்தாலும் எனக்குப் புரிந்திருக்கும். மறந்தே போயிருந்தார்.

அப்பா பேசினார். குரல் முதலில் மெதுவாகத்தான் வந்தது.

“ஆபீஸ் படியில நின்னு கேட்டேன் தொர. பாக்குது பாக்குதுன்னு சொன்னீங்க.”

“அப்போ நெறைய ஆள் கேட்டான். எனக்கு...”

“நான் நெறைய ஆள் இல்ல!” அப்பா கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தாள். “ஒங்க காடிய மழையில நனையாம பாத்துக்கிட்டது நானு. காய்ச்ச வந்தப்பகூட வந்து தொடச்சேன். நெறைய ஆளா நானு? இந்தக் காடி ஓடுது. என் மவன் ஓட வச்சான். நீங்க குடுத்தது ஓடல. யாரு கெடுத்தா?”

துரை ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“கெளம்புங்க. டாக்சி நிக்குது” என்றார் அப்பா.

துரை எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். முகம் சிவந்து போயிருந்தது. தடியை ஊன்றிக்கொண்டு போய் டாக்ஸியில் ஏறினார். டாக்ஸிக்காரர் அவசர அவசரமாகக் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டினார்.

அப்பா துரைக்காகப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா துரைக்காகக் கலக்கிய தேயை அவர் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை.

“இத அன்னிக்கே சொல்லியிருந்தா...”

“அன்னிக்குச் சொல்லியிருந்தா அன்னிக்கே வீட்ட காலி பண்ணச் சொல்லியிருப்பான். புள்ளைங்கள எங்க கொண்டுபோய் வச்சிருப்பேன்? நீ சொல்லு, எங்க வச்சிருப்பேன்?”

இத்தனை வருஷம் நான் அப்பாவின் மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. போய்ப் பைப்பைத் திறந்து முகத்தைக் கழுவினேன்.

அப்பாவின் கோபம் அன்றோடு நிற்கவில்லை. ஒரு தடவை திறந்ததும் மூட மறந்துவிட்டதுபோல இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் தண்ணீர் ஊற்றினால் சண்டை. மச்சான் தன் வீடு இருக்கும் ஆயர் தாவாரிலிருந்து அக்காவை அழைத்து வராமல் தனியாக வந்தால் சண்டை. அந்த மாதமே பலகைக் கடை முதலாளியிடம் போய், இனிமேல் ஜாகா வேலை பார்க்க மாட்டேன், எனக்கு லைசென்ஸ் இருக்கிறது, சின்ன லோரியைக் கொடுங்கள் இல்லையென்றால் வேலையை விட்டு நின்றுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். எங்களுக்குத் தெரிந்தால் தடுத்திருப்போம். முதலாளி, “இத்தன வருஷம் ஏன் சொல்லல?” என்று கேட்டாராம். லோரியைக் கொடுத்துவிட்டார்.

அந்த லோரியில் அப்பா பாகான் செராய்வரை பலகை ஏற்றிக்கொண்டு போனார். கண் மங்கும்வரை ஓட்டினார். கார் என்னிடம்தான் இருக்கிறது. அதைத் தெருவில் பார்த்துவிட்டு, பழைய கார் வைத்திருப்பவர்கள் சிலர் வந்து, எந்த வருஷம், எந்தச் சேசிஸ், ஏன் இப்படிக் கெடுத்தீர்கள் என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் சண்டை போட்டேன். இப்போது கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுகிறேன்.

லோரி கிடைத்த புதிதில் ஒருநாள் அப்பா பலகை லோடோடு எங்கள் பட்டறை வாசலில் வந்து நிறுத்தி, விடாமல் ஹாரன் அடித்தார். முந்தின நாள்தான் அதற்கு நான் பிரேக் கட்டை மாற்றிக் கொடுத்திருந்தேன். எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். என் சீன முதலாளியும் வந்தார்.

அப்பா ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார். “பிரேக்கு கத்துது. தெருவே திரும்பிப் பாக்குது. என்ன வேல செஞ்சிருக்க நீ?”

“எறங்குங்கப்பா, பாக்குறேன்.”

“எறங்க நேரமில்ல. லோடு இருக்கு. இப்படியே பாரு” என்றார். எஞ்சினை அணைக்காமல் சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சக்கரத்துக்கு அடியில் படுத்தேன்.